வெள்ளிமலை எத்தனை மணி நேரம்?

"வெள்ளிமலை என்ன பெரிய தூரம்? நாற்பது கிலோமீட்டர்தானே!"

கள்ளக்குறிச்சியில் இந்தப் பேச்சைக் கேட்காமல் ஒரு மாதம் கழிவதில்லை. டீக்கடையில் சொல்கிறார்கள். அலுவலக வராந்தாவில் சொல்கிறார்கள். மனுவோடு மலையிலிருந்து இறங்கி வந்து, "நேரமாகிவிட்டது, நாளைக்கு வாங்க" என்ற பதிலைக் கேட்டு நிற்பவரின் முகத்துக்கு நேராகவும் சொல்கிறார்கள். சொல்பவர்கள் யாரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. வரைபடத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். வரைபடத்தில் கள்ளக்குறிச்சியும் வெள்ளிமலையும் ஒரு விரற்கடை இடைவெளியில்தான் இருக்கின்றன. வான்வழியாக நேர்கோடு இழுத்தால் நாற்பதும் குறைந்து ஏறத்தாழ முப்பதாகிவிடும். அப்படியிருக்க, மலைக்காரர்கள் தூரத்தைக் காரணம் காட்டுவது வெறும் சாக்கு; பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வராததற்கும், கர்ப்பிணி சரியான நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து சேராததற்கும் அவர்களுடைய அசட்டைதான் காரணம். இப்படியொரு முடிவு இந்த ஊரில் சத்தமில்லாமல் நிலைத்துவிட்டது.

இந்த முடிவு தவறு. அளவுகோலே தவறு என்பதால் அதை வைத்து அளந்த எல்லாமே தவறாகிவிட்டன.

வெள்ளிமலை இருக்கும் கல்வராயன் மலைக்குப் பல வருடங்களாக ஏறி இறங்குகிறவன் நான். கச்சிராயபாளையம் வரை பேருந்து ஓடும் ஓட்டம் வேறு, அதற்கப்புறம் மலைப்பாதையில் ஏறும் ஏற்றம் வேறு. சமவெளியில் கால் மணி நேரத்தில் கடந்த தொலைவை, மேலே வளைவுக்கு வளைவு கியர் மாற்றி, எதிரே வரும் மரவள்ளி லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டுக் கடக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. பேருந்தில் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதுவும் வெள்ளிமலை வரைக்கும்தான். வெள்ளிமலை, கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடம். வட்டம் முழுவதும் அதுவே ஆகிவிடாது. இன்னாடு இருக்கிறது, சேராப்பட்டு இருக்கிறது, கிளாக்காடு இருக்கிறது, தொரடிப்பட்டு இருக்கிறது. அவற்றின் ஊராட்சிகளுக்குள் பத்து வீடும் இருபது வீடுமாகச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் இருக்கின்றன. 'நாற்பது கிலோமீட்டர்' என்பவர் இந்தச் சிற்றூர்களையெல்லாம் வெள்ளிமலைப் பேருந்து நிறுத்தத்தில் கொண்டுவந்து குவித்துவிட்டுப் பேசுகிறார்.

ஒருமுறை அந்த நிறுத்தத்தில் ஒரு அம்மாவிடம், "உங்க ஊரு எவ்வளவு தூரம்மா?" என்று கேட்டேன். "விடியக் கெளம்புனா இந்த வண்டியப் புடிக்கலாம் தம்பி. மழ வந்தா புடிக்க முடியாது" என்றார். நான் கேட்டது கிலோமீட்டரை. அவர் சொன்னது பொழுது, வண்டி, மழை ஆகிய மூன்றையும். பயணத்துக்குத் தேவையான எல்லாமே அந்தப் பதிலில் இருந்தன. என் கேள்வியில்தான் ஒன்றும் இல்லை.

அந்த அம்மா சொன்ன முறை நம் முன்னோர் முறை. தமிழில் தொலைவுக்கு வழங்கிய பழைய அளவுகளில் 'நாழிகைவழி' ஒன்று. ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், நடந்தால் எவ்வளவு போகலாமோ அது நாழிகைவழி. ஏழரை நாழிகைவழி ஒரு காதம். ஆக, காதம் என்றால் மூன்று மணி நேர நடை. இன்றைய கணக்கில் ஏறத்தாழ பத்து மைல் என்பார்கள். குரல் எட்டும் அளவுக்குக் 'கூப்பிடு தூரம்' என்று பெயர். இவையெல்லாம் கால் வலியையும் குரல் வலிமையையும் அறிந்த அளவுகள். இவற்றைத் துல்லியமற்றவை என்று ஒதுக்கினோம். நிலவரி போடவும் எல்லை குறிக்கவும் துல்லியம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் நடப்பவருக்கு வேண்டிய துல்லியம் வேறு.

நேர்கோட்டுத் தூரம் நம் நாட்டில் எப்படிக் கிடைத்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே நில அளவையாளர் வில்லியம் லாம்டன் தன் அளவைக்கான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் அளவுள்ள அந்த ஒற்றைக் கோட்டை அளந்து முடிக்க 57 நாள் ஆனது. அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து இந்தியா முழுவதையும் அளந்தார்கள். மலை உச்சிகள் அவர்களுக்குக் கருவி வைத்துப் பார்க்கும் இடங்கள். ஒரு உச்சியிலிருந்து இன்னொரு உச்சிக்குப் பார்வை போனால் போதும். நடுவிலுள்ள பள்ளத்தாக்கில் யார் எப்படி இறங்கி ஏறுகிறார் என்பது அந்தக் கணக்குக்குத் தேவைப்படவில்லை. மாபெரும் அறிவியல் சாதனை அது. ஆனால் அது பார்வையின் தூரம். அதைக் கொண்டுவந்து நடையின் தூரமாக நம் மேசைகளில் வைத்துக்கொண்டோம்.

நடையின் தூரத்தை அளக்க அறிவியல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நைஸ்மித் 1892இலேயே எளிய கணக்கு ஒன்றைச் சொல்லிவிட்டார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். அதாவது 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. கல்வராயனில் குடியிருப்புகள் பெரும்பாலும் 2,000 அடிக்கும் 3,000 அடிக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கின்றன. அடிவாரத்திலிருந்து 600 மீட்டர் உயரத்தில், பாதை வழியே 6 கிலோமீட்டரில் ஒரு சிற்றூர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் அது 3 கிலோமீட்டராகத் தெரியலாம். நைஸ்மித் கணக்குப்படி ஏறுவதற்கு இரண்டு மணி பன்னிரண்டு நிமிடம். அதுவும் நல்ல உடம்புள்ள மலையேற்றக்காரருக்கு, நல்ல வானிலையில். தலையில் ரேஷன் அரிசி மூட்டையோடு ஏறுபவருக்கு எவ்வளவு? டோலி கட்டி நோயாளியைத் தூக்கிக்கொண்டு, வழுக்கும் பாறையில் அடிமேல் அடி வைத்து இறங்கும் நால்வருக்கு எவ்வளவு? அந்த 3 கிலோமீட்டரைப் பார்த்து 'பக்கம்தான்' என்று எழுதுகிற கை, இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இனி, "உலகமே சுருங்கிவிட்டது, விமானக் காலத்தில் தூரம் ஒரு பொருட்டா?" என்பவர்களுக்கு வருகிறேன். விமானத்தையே எடுத்துக்கொள்வோம். பாரிஸுக்கும் லியோனுக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 390 கிலோமீட்டர். விமானம் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும். 1981இல் அந்தத் தடத்தில் டிஜிவி அதிவேக ரயில் வந்தது. இன்று அதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். விமானத்தை ஒப்பிட்டால் இரு மடங்கு. ஆனாலும் பயணிகள் ரயிலுக்கு மாறினார்கள். விமான நிலையத்துக்குப் போகும் நேரம், சோதனைக்கு நிற்கும் நேரம், இறங்கிய பின் ஊருக்குள் போகும் நேரம் எல்லாவற்றையும் வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டார்கள். ரயிலோ ஊர் நடுவில் ஏற்றி ஊர் நடுவில் இறக்கிவிடுகிறது. கடைசியில் அந்நாட்டுச் சட்டமே அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டது. ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போக முடிகிற ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் கூடாது என்ற தடை 2023 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து லியோன், நான்ட், போர்தோ ஆகிய ஊர்களுக்கான விமானங்கள் அதற்குள் அடங்கின. சட்டம் எழுதியவர்கள் 'இத்தனை கிலோமீட்டருக்குள்' என்று எழுதவில்லை. 'இத்தனை மணிக்குள்' என்று எழுதினார்கள்.

இந்த ஐரோப்பியக் கதையில் எனக்குப் பிடித்துப்போனது ரயில் இல்லை. ஒரு பயணத்தின் நேரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. நடுவழியை எவ்வளவு வேகமாக்கினாலும், நேரம் இரண்டு முனைகளில் போய் ஒண்டிக்கொள்கிறது. சேலம் கமலாபுரம் விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். அதே கல்வராயனின் சேலம் பக்கத்திலுள்ள கருமந்துறையிலிருந்து, ஆத்தூர் இறங்கி, சேலம் கடந்து, அந்தக் கமலாபுரத்துக்கு வந்து சேர அதைப்போல் இரண்டு மடங்கு நேரமாவது வேண்டும். கருமந்துறைக்காரருக்கு விமானம் மிச்சப்படுத்தியது தன் ஊரிலிருந்து வெகு தொலைவில் உள்ள ஒரு நேரத்தை.

இதே கண்ணோடு நம் மாவட்டக் கதையைப் பாருங்கள். 1993 செப்டம்பர் வரை கல்வராயன் மக்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் கடலூரில் இருந்தது. பிறகு விழுப்புரம் தனி மாவட்டமாகி, தலைமையிடம் விழுப்புரத்துக்கு வந்தது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் உதயமானது. கடற்கரையிலிருந்து மலையடிவாரம் நோக்கி ஆட்சி இரண்டு முறை நகர்ந்து வந்திருக்கிறது. பெரிய நன்மைதான், அதற்காகப் போராடியவர்களை நான் மதிக்கிறேன். ஆனால், "இத்தனை பக்கத்தில் வந்த பிறகும் என்ன குறை?" என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். குறைந்த தூரம் முழுவதும் சமவெளித் தூரம். கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் இடையிலான தட்டையான, வேகமான, பேருந்துக்குப் பஞ்சமில்லாத சாலைத் தூரம். இன்னாட்டுப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பேருந்து நிற்கும் இடம் வரைக்கும் உள்ள நடை 1993இல் எவ்வளவோ, பல இடங்களில் இன்றும் அவ்வளவே. பயணத்தின் எளிய பகுதியைக் குறைத்துவிட்டு, கடினமான பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, மொத்தமும் குறைந்துவிட்டதாகச் சொல்கிறோம்.

"அவ்வளவு கஷ்டமென்றால் கீழே வந்து குடியிருக்க வேண்டியதுதானே, யார் அங்கே போய் இருக்கச் சொன்னது?" என்ற கேள்வியும் வரும். இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கப்போவதில்லை. இந்த மலையின் மலையாளிப் பழங்குடியினர் யாருடைய அலுவலகத்திலிருந்தும் விலகிப் போய்க் குடியேறவில்லை. அவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்த இடத்தில் இருக்கிறார்கள். அலுவலகங்கள்தாம் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று இடம் மாறிக்கொண்டிருந்தன. அது மட்டுமா? நாடு 1947இல் விடுதலை பெற்றது. கல்வராயன் மலையோ சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் ஆகிய ஜாகீர்தார் வழிகளின் பிடியில் 1976 வரை இருந்தது. அவர்களுக்கு வரி கொடுத்து, அவர்கள் நிலத்தில் உழைத்து வாழ்ந்தார்கள் மக்கள். 1976 ஜனவரியில் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஒலியை மிஞ்சும் கான்கார்டு விமானங்கள் முதல் பயணிகளோடு கிளம்பின. அதே 1976இல்தான் சென்னைக் கோட்டையின் ஆட்சி இந்த மலை மீது முழுமையாக ஏறி வந்து சேர்ந்தது. சுதந்திரம் இந்தத் தூரத்தைக் கடக்க 29 ஆண்டு எடுத்துக்கொண்டது. அந்த 29 ஆண்டில் சமவெளிக்குக் கிடைத்த பள்ளிக்கூடம், பட்டா, பாலம் ஆகியவற்றின் பாக்கி இன்னும் மலையின் கணக்கில் நிற்கிறது. கடன் பட்டவர் கடன் கொடுத்தவரைப் பார்த்து "நீ ஏன் அங்கே இருக்கிறாய்?" என்று கேட்பது நியாயமில்லை.

இன்னொரு வாதம், இளைஞர்கள் சொல்வது: "சாலை போட்டாயிற்று, வீட்டுக்கு வீடு பைக் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம்." உண்மைதான், பைக் வைத்திருக்கும் இருபத்தைந்து வயதுப் பையன் இறங்கிவிடுவான். மேகம் அருவியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காரில் வருபவருக்கும் வெள்ளிமலை பக்கம்தான். பகலில் வருகிறார், வெயிலில் வருகிறார், திரும்பிப் போவதற்காக வருகிறார். கரியாலூர் படகு குழாமில் ஒரு சுற்று வந்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிறார். ஆனால் ஒரு ஊரின் தூரத்தை அங்கே மிக எளிதாகப் போகக்கூடியவரை வைத்து அளக்கக் கூடாது. பிரசவ வலி எடுத்த பெண்ணை வைத்து அளக்க வேண்டும். பாம்பு கடித்த பிள்ளையை வைத்து, ராத்திரி பதினோரு மணியை வைத்து, ஐப்பசி மழையை வைத்து அளக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது வேலூர் மாவட்டத்து அல்லேரி மலை நினைவுக்கு வராமல் போகாது. 2023 மே மாதம் அங்கே ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று பாம்பு கடித்து இறந்தது. ஆம்புலன்ஸ் ஏற முடியாத பாதை. இறந்த பிள்ளையின் உடலைத் தாய் தன் கையில் ஏந்திக்கொண்டு மலையேறி வீட்டுக்கு நடந்தாள். அந்த மலையையும் வேலூரையும் வரைபடத்தில் பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 108 சேவை 2008 முதல் ஓடுகிறது. எத்தனையோ உயிர்களைக் காத்த சேவை அது. ஆனால் அந்த வண்டி எங்கே நின்றுவிடுகிறதோ, அங்கிருந்துதான் மலைக்காரரின் தூரம் ஆரம்பமாகிறது.

உயிர் மட்டுமில்லை, பிழைப்பும் நேரத்தில்தான் இருக்கிறது. கல்வராயனில் மரவள்ளிதான் முக்கியமான பணப்பயிர். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்கிவிடும். ஜவ்வரிசி ஆலைகள் கீழே, ஆத்தூர், சேலம் பக்கம் இருக்கின்றன. லாரி வரும் இடம் வரை கிழங்கைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு நாள் தாமதமானால் மாவுச்சத்து குறைகிறது, விலை குறைகிறது. இது வியாபாரிக்கும் தெரியும், அதனால் பேரம் எப்போதும் ஒருபக்கமாகவே சாய்கிறது. சமவெளி விவசாயி நாளைக்கு விற்றுக்கொள்ளலாம் என்று மூட்டையைத் திருப்பிக் கொண்டுபோக முடியும். மலைக்காரருக்கு அந்த 'நாளைக்கு' இல்லை.

சட்டத்துக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைக்க வேண்டாம், தெரியும். சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்றால், மலை, பழங்குடிப் பகுதிகளில் 20,000 பேருக்கு ஒன்று என்பது விதி. துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு, மலையில் 3,000 பேருக்கு. 2000இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் சமவெளியில் 500 பேர் உள்ள குடியிருப்புக்குச் சாலை என்றது. மலை மாநிலங்களில் 250 பேர் போதும் என்றது. அதன் விதிமுறை மலைப்பகுதிக்கு மட்டும் 'பாதை வழித் தூரம்' என்று தனியாகக் குறிப்பிட்டது. அதாவது, நேர்கோட்டை வைத்து மலையை அளக்காதே என்று எழுத்திலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டர், எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டர் என்று வரம்பு வைத்துவிட்டு, கரடுமுரடான பகுதிகளில் அந்த வரம்பைக் குறைக்கச் சொல்கின்றன. ஆனால் 250 பேருக்கும் குறைவான சிற்றூர்கள்? அவைதாமே உள்ளே, தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன? தலையை எண்ணி முடிவெடுக்கும் எந்தத் திட்டத்திலும் அவை கடைசியில்தான் நிற்கும். அவற்றின் மணி நேரத்தை எண்ணினால் முதலில் நிற்கும்.

சாலை போடாததற்குக் காட்டைக் காரணம் காட்டுபவர்களும் உண்டு. காப்புக்காடு, மத்திய அரசின் அனுமதி, மரம் வெட்டுதல் என்று அடுக்குவார்கள். காடு அழியக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ரிசார்ட்டுக்காகப் போடும் சாலைக்கு நான் வாதாட வரவில்லை. ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, சாலை, பள்ளி, மருந்தகம் போன்ற அடிப்படை வசதிகளுக்குக் காட்டு நிலத்தை ஒதுக்க வழி செய்திருக்கிறது. ஒவ்வொரு பணிக்கும் 1 ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல், கிராம சபையின் பரிந்துரையோடு. காட்டையும் காத்து மனிதரையும் காக்க எழுதப்பட்ட ஏற்பாடு அது. அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு 'காடு விடவில்லை' என்று சொல்லட்டும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, நாடே இந்த மாவட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. அந்தச் சமயத்தில்தான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டு, சாலை எங்கே, பேருந்து எங்கே, மருத்துவமனை எங்கே என்று அரசைக் கேட்டது. சாராயத்தோடு மட்டுமே சேர்த்துப் பேசப்பட்ட ஒரு மலையின் பெயர், நீதிமன்றத்தில் அடிப்படை உரிமைகளோடு சேர்த்துப் பேசப்பட்டது. அந்த மாற்றம் எனக்கு ஆறுதல் தந்தது. ஆனால் பதில் மனுக்களில் சாலைகள் இத்தனை கிலோமீட்டர் என்றுதான் எழுதப்படும். அப்படித்தான் எழுதிப் பழக்கம்.

பழக்கத்தை மாற்றுவது கடினமில்லை. கல்வராயன் மலை ஒன்றியத்தில் 15 ஊராட்சிகள். கிராம சுகாதாரச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியர்கள் எல்லோரும் அந்தப் பாதைகளில் நடப்பவர்கள்தாம். ஒவ்வொரு சிற்றூரிலிருந்தும் நான்கு நேரங்களை அவர்கள் எழுதட்டும்: அருகிலுள்ள பேருந்து நிறுத்தத்துக்கு, பிரசவம் பார்க்கும் இடத்துக்கு, உயர்நிலைப் பள்ளிக்கு, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து எழுதட்டும். கடைசிப் பேருந்து போய்விட்டால் அன்றைய தூரம் மறுநாள் காலை வரை நீள்கிறது என்பதையும் எழுதட்டும். அதை ஒரு பலகையில் வெள்ளிமலை ஒன்றிய அலுவலகத்தில் மாட்டட்டும். எந்தச் சிற்றூரின் நேரம் அதிகமோ அதற்கு முதலில் சாலை, முதலில் வண்டி, முதலில் செவிலியர். சித்திரை வெயிலில் ஒருமுறையும், ஐப்பசி அடைமழையில் ஒருமுறையும் அளக்க வேண்டும். ஐப்பசிக் கணக்கைத்தான் பலகையில் எழுத வேண்டும்.